ஆர்டிஸின் சுருட்டுப் பெட்டி

எல்ம்ஸ்டாட் நகராட்சி மதுக்கடையில் ஆர்டிஸ் லுண்டே "இன்னிக்கு லாரி வரலையே" என்று சொன்னால், வரிசையில் நிற்கும் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒருவர் கூரையைப் பார்ப்பார். ஒருவர் தன் பூட்ஸ் முனையைப் பார்ப்பார். இன்னொருவர் நாட்காட்டியில் இருக்கும் வாத்துப் படத்தை அன்றுதான் முதன்முறையாகக் காண்பதுபோல ஆராய்வார். உண்மையில் லாரி வந்திருக்கும். கேட்ட பாட்டில் ஆர்டிஸின் தலைக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் பளபளவென்று நின்றுகொண்டிருக்கும். கேட்ட ஆளும் அதைப் பார்த்துக்கொண்டே, "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி, ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வெளியூர்க்காரர் யாராவது அந்த நேரத்தில் உள்ளே இருந்தால் குழம்பிப் போவார். "ஏங்க, அதோ இருக்கே!" என்று ஒருமுறை ஒரு டிராக்டர் கம்பெனிப் பிரதிநிதி கையை நீட்டிக் காட்டியே விட்டார். கடையில் இருந்த பழைய பால்வண்டிக்காரர் எமில், "அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கு தம்பி. உள்ள தண்ணிதான்" என்று சமாளித்தார்.

இது எப்படி வேலை செய்தது என்று புரிய வேண்டுமானால் கடையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மினசோட்டாவின் சின்ன ஊர்கள் பலவற்றில் மதுக்கடை நகராட்சிக்குச் சொந்தம். மியூனி என்பார்கள். எல்ம்ஸ்டாட்டில் தொள்ளாயிரம் பேர், ஒரு மியூனி. நகராட்சி கடை நடத்தும் ஊரில் வேறு யாரும் பாட்டில் விற்கக் கூடாது. இது முதல் தாழ்ப்பாள். இரண்டாவது தாழ்ப்பாள் ஆர்டிஸின் சம்பளம். ஒரு பாட்டில் விற்றாலும் நூறு பாட்டில் விற்றாலும் அவளுக்கு மாதம் முடிந்தால் அதே சம்பளம்தான். ஆகவே ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவள் கையை விட்டுப் போவது எதுவும் இல்லை. அந்த ஆளுக்கும் ஊருக்குள் போய்க் கேட்க வேறு கதவு இல்லை. இந்த இரண்டு தாழ்ப்பாளும் சேர்ந்துதான் அந்த லாரியை வரவிடாமல் வைத்திருந்தன.

அவள் 1968இல் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லாவுக்கு மேலே ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. இவருக்கு விற்காதே, அவருக்கு விற்காதே என்று மனைவிமார் எழுதிக் கொடுத்த பெயர்கள். பழைய மேலாளர் கொட்டை எழுத்தில் எழுதி, பார்க்கிறவர் எல்லோரும் படிக்கும்படி ஒட்டி வைத்திருந்தார். பெயர் வந்த ஆண்கள் வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட்டவர்கள் காரை எடுத்துக்கொண்டு பதினாறு மைல் தள்ளி இருக்கும் கிளாஃப்டன் மியூனிக்குப் போய், போன தூரத்துக்கும் சேர்த்து வாங்கிவந்தார்கள். ஆர்டிஸ் ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் பட்டியலைக் கிழித்தாள்.

அதற்குப் பதில் ஒரு காலிச் சுருட்டுப் பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைத்தாள். அதற்கு மூன்றே விதிகள். அட்டையில் தன் பெயரைத் தானேதான் எழுத வேண்டும். கணவனுக்காக மனைவியோ, மனைவிக்காகக் கணவனோ எழுத முடியாது. அட்டை இருப்பது ஆர்டிஸுக்கும் அவளோடு கடையில் வேலை செய்பவருக்கும் மட்டும்தான் தெரியும். வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் ஏதோ காரணத்தோடுதான் பொய் சொல்கிறாள் என்பது மட்டும் தெரியும், என்ன காரணம் என்று தோண்ட மாட்டார்கள். திரும்ப வாங்க வேண்டுமானால் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போது வந்து கேட்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதே பத்து மணிக்கு மறுபடி வர வேண்டும். காலை பத்து மணிக்கு வரும் ஆளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் ஆளும் ஒரே பெயரில் உலவும் இரண்டு ஆட்கள் என்பது அவள் கடையில் நின்று கற்ற பாடம். அட்டையை எழுதியவர் காலை ஆள். அவர் பேச்சைத்தான் அவள் கேட்பாள்.

இருபத்தாறு வருடத்தில் பெட்டிக்குள் எத்தனை அட்டை வந்தது, எத்தனை போனது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. 1994 அக்டோபரில் அதைச் சொல்ல வேண்டிய நெருக்கடி வந்தது.

மூன்று வருடத்தில் இரண்டு வருடம் கடை நஷ்டப்பட்டால், கடை தேவையா இல்லையா என்று ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மியூனி நஷ்டப்பட்டிருந்தது. காரணம் ஊர்க்காரர்களின் கூச்சம். மியூனியின் பெரிய ஜன்னல் லூத்தரன் சர்ச்சைப் பார்த்தபடி இருந்தது. அதனால் எல்ம்ஸ்டாட் சர்ச்சுக்காரர்கள் தங்கள் ஒயினைக் கிளாஃப்டனில் போய் வாங்கினார்கள். கிளாஃப்டன் சர்ச்சுக்காரர்கள் அதே காரணத்துக்காக எல்ம்ஸ்டாட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமை மதியம் நெடுஞ்சாலையில் இரண்டு ஊர்க் கார்களும் எதிரும் புதிருமாகப் போகும். ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லிக்கொள்ளும். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. இரண்டு கடைகளும் இப்படி நாற்பது வருடம் பிழைத்தன. பிறகு கிளாஃப்டன் தன் கடையைத் தனியாருக்கு விற்றது. வாங்கியவர் நெடுஞ்சாலையோரம் பெரிய கடை கட்டி, எங்கிருந்தோ கூட்டிவந்த முகம் தெரியாத ஆட்களைக் கல்லாவில் உட்கார வைத்தார். இரண்டு ஊர்க் கூச்சக்காரர்களும் அங்கேயே போக ஆரம்பித்தார்கள். இப்போது அதே முதலாளி எல்ம்ஸ்டாட் மியூனியையும் கட்டிடத்தோடு விலைக்குக் கேட்டிருந்தார்.

கடையை ஒட்டியிருந்த தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். சோள அறுவடை முடிந்த வாரம், நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கூடத்துக்கும் கடைக்கும் ஒரே சுவர், ஒரே கொதிகலன். எழுபத்தைந்து ஜனவரிப் பனிப்புயலில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாற்பத்தோரு பேர் மூன்று நாள் படுத்திருந்தார்கள். நகராட்சிக் கட்டிடம் என்பதால் திறந்து வைக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடையின் ஒரு பாதி உட்கார்ந்து குடிக்கும் பார், அங்கிருந்த அடுப்பில் ஆர்டிஸ் சூப் காய்ச்சினாள். எமில் வண்டியிலிருந்த பாலையெல்லாம் இறக்கினார். முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு மிடறு பிராந்தி கொடுத்தாள். கொடுக்கக் கூடாதவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், அதே மாதிரிக் கோப்பையில். யாருடைய கோப்பையில் என்ன என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கூடத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு அந்தச் சூப்பின் வாசனைகூட நினைவுக்கு வந்தது.

மேயர் டெல்மர் ரஸ்டாட் கூட்டத்தைத் தொடங்கினார். விதைக்கடை வைத்திருப்பவர், நீளமாகப் பேசத் தெரியாதவர். "சரி, பேசுறவங்க பேசலாம்." ஒருவரும் பேசவில்லை. எல்ம்ஸ்டாட்டில் பொதுக்கூட்டம் என்றால் காப்பி குடிப்பது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் மழையைப் பற்றிக் கேட்பது, வீட்டுக்குப் போன பிறகு மனதில் உள்ளதைச் சொல்வது.

நகர்மன்றத்தின் ஐந்து பேரில் ஒருவனான கர்டிஸ் பிரெக்கே எழுந்தான். ஆர்டிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன், நேர்மையானவன், பிடிவாதக்காரன்.

"ஆர்டிஸ், உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒரு நகராட்சி எதுக்கு இருக்கு? ரோடு போடணும், தண்ணி குடுக்கணும், தீப்பிடிச்சா அணைக்கணும். சாராயம் விக்கிறதும் நம்ம வேலையா? நம்ம பசங்க சறுக்கி விளையாடுற ஐஸ் மைதானம் இருக்கே, அது எழுபத்தெட்டுல இந்தக் கடை லாபத்துல கட்டினது. யார் குடிச்ச காசு அது? எந்த வீட்டு அடுப்புக்குப் போகவேண்டிய காசு? எனக்கு அந்தப் பக்கம் போறப்பல்லாம் உறுத்துது."

பலர் தலையாட்டினார்கள். ஆர்டிஸும் உள்ளுக்குள் தலையாட்டினாள். அந்த மைதானத்தைக் கடக்கும்போது அவளுக்கும் சில முகங்கள் வரும்.

"நஷ்டத்துல வேற ஓடுது. இப்ப ஒரே கேள்விதான் கேக்கறேன். இந்தக் கடை செய்யுற எந்த வேலைய வேற ஒருத்தன் செய்ய முடியாது? ஒண்ணு சொல்லு போதும். நான் கைய இறக்கிடறேன்."

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. கூடத்தின் பின்னால் சர்ச்சுப் பெண்கள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளிப் பாத்திரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கர்டிஸின் மனைவி லவான். அவளுடைய கோப்பை நிரம்பி வழிய ஆரம்பித்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. சுருட்டுப் பெட்டியில் மேலிருந்து இரண்டாவது அட்டை லவானுடையது. கர்டிஸுக்குத் தெரியாது.

பெயர் சொல்லாமல், "சில பேர் தாங்களே வந்து எனக்குக் குடுக்காதேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொல்லலாமா என்று ஆர்டிஸ் ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் கடை பிழைத்துவிடும். ஆனால் தொள்ளாயிரம் பேர் ஊரில் அது போதும். அடுத்த நொடியே நூறு தலைகள் கணக்குப் போட ஆரம்பிக்கும்: யார் யார் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு போனார்கள்?

"எனக்கு ஊர்ல எல்லாரையும் தெரியும்," என்றாள்.

"அதுதானே பிரச்சினையே!" என்றான் கர்டிஸ். "உனக்கு எல்லாரையும் தெரியும்னுதான் நம்ம ஆளுங்க பதினாறு மைல் போய் வாங்குறாங்க!"

கூடமே சிரித்தது. ஆர்டிஸும் சிரித்தாள். உண்மையைத்தான் சொல்லியிருந்தான். நகர்மன்றத்தின் ஐந்து ஓட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விற்பது என்று முடிவானது. ஆனால் நகராட்சிச் சொத்தை விற்கும் தீர்மானத்தை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை படித்து, இரண்டு முறை கைதூக்க வேண்டும் என்பது ஊர்ச் சாசனம். இன்னும் ஒரு முறை பாக்கி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்தபோது வாசலில் லவான் நின்றுகொண்டிருந்தாள். ஆர்டிஸ் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பத்து மணிக்கு வந்து நிற்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்.

"பயப்படாதே, அதுக்கு வரல," என்றாள் லவான். "தேதிய மட்டும் பார்க்கணும்."

ஆர்டிஸ் பெட்டியை எடுத்து அட்டையைக் காட்டினாள். 1985, மார்ச் 4.

"ஒன்பது வருஷமா," என்றாள் லவான். "கர்டிஸ் என்ன நெனச்சான் தெரியுமா? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக்காக விட்டிருக்கேன்னு. ஈஸ்டர் வந்துது, போச்சு. 'ஏன் இன்னும் ஆரம்பிக்கல'ன்னான். 'பழகிப்போச்சு'ன்னேன். அவ்வளவுதான். சாப்பாட்டோட ஒரு கிளாஸ், அதான் அவனுக்குத் தெரியும். துணி அலமாரிக்குப் பின்னாடி இருந்தது தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும். நீதானே வித்தே."

ஆர்டிஸ் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். தெரியும்தான். அந்த அட்டை வருவதற்கு முந்தைய இரண்டு வருடமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள்தான் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்தாள்.

"நேத்து நீ சொல்லியிருக்கலாம்," என்றாள் லவான். "ஜெயிச்சிருப்பே."

"ஜெயிச்சு, உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

லவான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. "கிளாஃப்டன் கடைக்கு நான் எப்பவேணா போயிருக்கலாம். கார் இருக்கு, சாவி இருக்கு. போனதில்ல. கோட்ட மாட்டி, சாவியத் தேடி, இன்ஜின் சூடாகறதுக்குள்ள அந்த நினைப்பு போயிடும். ஆனா இங்க ஒரு தெரியாத பையன் வந்து உக்காந்தான்னா... வீட்டுச் செருப்போடயே நடந்து வந்துடுவேன் ஆர்டிஸ். கோட்டுகூட வேணாம்."

முட்டைக்கோஸ் வாங்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

அந்த இரண்டு வாரத்தில் ஆர்டிஸ் கடையைக் காலி செய்யத் தொடங்கினாள். பகடைக் குடுவையைத் துடைத்து வைத்தாள். ஒவ்வொரு மாலையும் முதல் குலுக்கலில் ஆறு பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் ஒரு பாட்டில் பரிசு என்று எத்தனை வருடம் அதைக் குலுக்கினார்கள்! விழுந்ததென்னவோ இருமுறைதான், இரண்டும் எமிலுக்கு. "பால்காரன் கைராசி" என்று அவர் பத்து வருடம் பீற்றிக்கொண்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். முடிந்துபோன விஷயம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். டெல்மர் தீர்மானத்தை இரண்டாம் முறை படித்தார். கர்டிஸ் கையைத் தூக்கினான். சவரம் செய்யாத முகம்.

"ஒரு வருஷம் ஒத்திவைக்கலாம்."

டெல்மர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவ நீதானே... காரணம் ஏதாவது?"

"இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்."

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் பூட்ஸைப் பார்த்தார். ஒத்திவைத்தார்கள்.

அடுத்த அக்டோபரில் கர்டிஸ் மறுபடி கையைத் தூக்கி, ஒரு வருஷம் யோசிக்கணும் என்றான். அதற்கடுத்த அக்டோபரிலும். எல்ம்ஸ்டாட்டில் அது ஒரு பருவம்போல ஆகிவிட்டது. சோளம் அறுப்பார்கள், ஏரியிலிருந்து படகுகளைக் கரையேற்றுவார்கள், கர்டிஸ் ஒத்திவைப்பான். "கர்டிஸ் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் கல்லறையில புல்லு முளைச்சு, அத வெட்டவும் ஆள் வந்துடுவான்" என்றார் எமில். ஆர்டிஸிடம் கர்டிஸ் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆர்டிஸும் கேட்கவில்லை.

அந்த வருடங்களை நினைத்தால் ஆர்டிஸுக்கு முதலில் வருவது மீன் பொரித்த எண்ணெயின் வாசனை. நஷ்டத்தை ஈடுகட்ட அவள் வெள்ளிக்கிழமைகளில் பார் பக்கத்தில் மீன் பொரித்து விற்க ஆரம்பித்திருந்தாள். சனிக்கிழமை மதியம் இறைச்சிக் குலுக்கல். டிக்கெட் விழுந்தவருக்கு ஒரு தட்டு பன்றி இறைச்சி. முட்டைக்கோஸ் சாலட் லவானின் பொறுப்பு. வினிகர் அதிகம் ஊற்றிவிட்டு, "நான் போதையா எதையும் குடிக்கறதில்லையே, புளிப்பாவது சாப்பிடறேன்" என்று ஆர்டிஸுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள். கிளாஃப்டனுக்குப் போன கூச்சக்காரர்கள்கூட மீனுக்காகத் திரும்பி வந்தார்கள். மீன் வாங்க வந்தவரை மீனுக்காகத்தான் வந்தார் என்று சர்ச்சும் நம்பலாம் இல்லையா? ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து சர்ச் தெரியாமல் போகும். எட்டு மணிக்குக் கடை மூடும் நேரம் ஆனபிறகும் எழுந்து போக மனமில்லாமல், கோட்டை மாட்டிக்கொண்டே அரைமணி நேரம் நின்று பேசுவார்கள். அப்படி நின்று பேசியது எதுவும் இப்போது அவளுக்கு நினைவில்லை. நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

எமில் 1999இல் போனார். லவான் 2003 ஏப்ரலில், இதயம் நின்று, தோட்டத்தில் போனாள்.

அந்த அக்டோபர் கூட்டத்தன்று மாலை ஏழு மணிக்குக் கால்மணி இருக்கும்போது ஆர்டிஸ் கடைக் கதவைப் பூட்டப் போனாள். கூட்டம் முடிந்ததும் மறுபடி திறக்கலாம் என்ற எண்ணம். கர்டிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கிளாஃப்டன் முதலாளி இம்முறை இன்னும் நல்ல விலை கேட்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் கையைத் தூக்கியவனுக்கு இனித் தூக்கக் காரணம் இல்லை என்பதும் தெரியும்.

உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தான்.

"லவானோடத என்ன பண்ணினே?"

"இருக்கு. வேணுமா?"

"வேணாம். அங்கயே இருக்கட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பினான். "தொண்ணூத்தி நாலுல அவ சொன்னப்போ எனக்கு உன் மேல எவ்வளவு கோவம் தெரியுமா? வித்ததும் நீ, நிறுத்துனதும் நீ, எங்கிட்ட சொல்லாததும் நீ. ஒரு மாசம் உன் மூஞ்சியப் பார்க்கல."

"தெரியும். மீனுக்கே வரலையே."

"நகராட்சி சாராயம் விக்கக் கூடாதுன்னுதான் இன்னமும் நெனக்கறேன். அது மாறல." தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றினான். "ஒண்ணு கேக்கறேன். பேரு கேக்கல. அந்தப் பெட்டியில அவளோடது தவிர வேற ஏதாவது இருக்கா? இருக்கு, இல்ல, அவ்வளவு சொல்லு போதும்."

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இன்றைய கூட்டத்தில் அவன் கை எந்தப் பக்கம் போகும் என்பது உறுதி. நல்லவன், வெளியே சொல்லமாட்டான். ஆனால் நாளை முதல் இந்தக் கடையில் யார் வேர்க்கடலை வாங்கினாலும் அவன் கண் ஒரு கணம் அங்கே நிற்கும். அவனாலேயே அதைத் தடுக்க முடியாது. அட்டை எழுதியவர்களுக்கு அவள் கொடுத்த வாக்கில் அந்த ஒரு கணத்துக்கு இடம் இல்லை.

"கர்டிஸ்," என்றாள், "மணி ஏழாகப்போகுது. டெல்மர் காத்துட்டிருப்பார். போ."

அவன் அசையாமல் நின்றான். பிறகு முகத்தில் ஏதோ தளர்ந்தது. "லவானும் இப்படித்தான். இல்லைன்னா இல்லைன்னு உடனே சொல்லிடுவா. சொல்லலைன்னாதான்..." முடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

கூட்டத்தில் மூன்றாவது விஷயமாகக் கடை வந்தது. டெல்மர் விலையைப் படித்தார். ஒரு சீட்டி ஒலி கேட்டது. அவ்வளவு நல்ல விலை. எல்லோரும் கர்டிஸைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். துக்க வீட்டுக்காரனை யார் அவசரப்படுத்துவது?

கர்டிஸ் கையைத் தூக்கினான்.

"ஒரு வருஷம் ஒத்திவைக்கலாம்."

"இன்னுமா யோசிக்கறே?" டெல்மருக்கே வாய் தவறிவிட்டது.

"நான் மெதுவா யோசிக்கறவன்."

ஒத்திவைக்க ஐந்தில் மூன்று கைகள் எழுந்தன. பின்வரிசையிலிருந்து ஆர்டிஸ் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினாள். எட்டு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. போய்க் கடையைத் திறந்தாள்.